செலோர்ம் திருப்பித் தராத மீன்கள்

செலோர்மின் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. அது 'முடியாது'. டோர்மே கிராமத்தில் ஒரே சனிக்கிழமையில் இரண்டு வீட்டு அடக்கம் வந்தபோது, பெட்டி தூக்க வரச்சொல்லி இரண்டு வீட்டாரும் அவனைக் கேட்டார்கள். இரண்டு வீட்டாருக்கும் தலையாட்டிவிட்டான். ஒரு பெட்டியைப் பாதி தூரம் சுமந்து, சந்தைத் திருப்பத்தில் வேறொருவன் தோளுக்கு மாற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடினான். இரண்டு வீட்டிலும் வசவு வாங்கினான். வாங்கிக்கொண்டு அதற்கும் தலையாட்டினான்.

வோல்ட்டா ஏரிக்கரையில் பெரியவர்களிடம் மறுத்துப் பேசுவது வழக்கமில்லைதான். மூத்தவர் நீட்டியதை வலது கையால் வாங்கிக்கொள்ள வேண்டும், வேண்டாத பொருளாக இருந்தாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் அதை என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் வளர்கிறோம். ஆனால் மற்றவர்கள் அதில் ஒரு சந்து பொந்து கண்டுபிடித்து நழுவிவிடுவார்கள். செலோர்முக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர்களுக்கு வரும் வியாதி இது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், அடுத்தவர் பொருளைக்கூட.

அவன் நடக்கப் பழகுமுன்பே அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா படகிலேயே குடியிருந்த மனிதர். வளர்த்ததெல்லாம் அப்பாவின் தங்கை அக்பேனே. ஊருக்கு அவள் டாவி அக்பேனே. கரையில் மரியாதைக்குரிய பெண்களை டாவி என்றுதான் கூப்பிடுவார்கள். செலோர்முக்கு மட்டும் அத்தை. மண் அடுப்புகளில் மீனைப் புகைபோட்டு விற்று அவனைப் படிக்க வைத்தாள். புகையில் அவள் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். அழுதாளா, அடுப்பிலிருந்து வருகிறாளா என்று யாராலும் சொல்ல முடியாது.

பையன் படித்து முடித்து, மாவட்ட ஊரான அக்பாட்டோவில் மீன் நோய் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். அத்தை சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "எங்க வீட்டுப் பிள்ளை டாக்டராயிட்டான். மனுஷ டாக்டர் இல்ல, மீன் டாக்டர். மனுஷனுக்கு வாய் இருக்கு, எங்க வலிக்குதுன்னு சொல்லிடுவான். மீன் என்ன சொல்லும்? அப்போ எந்த டாக்டர் ஒசத்தி, நீங்களே சொல்லுங்க." சபை கைதட்டியது. தான் டாக்டர் இல்லை என்று திருத்தச் செலோர்முக்கு வாய் வரவில்லை.

அப்போது அந்த ஆய்வகத்தின் லட்சணமும் பெரிதாக ஒன்றும் இல்லை. வாசலில் பலகை இருந்தது. பலகைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கதவு சரியாக மூடாத ஒரு பிரிட்ஜ். ஏரியில் மீன் செத்தால் துண்டு வெட்டி ஸ்பிரிட்டில் போட்டுக் கடல் தாண்டி அனுப்புவார்கள். பதில் வருவதற்குள், ஏரியில் கூண்டு கட்டி மீன் வளர்த்தவர் கூண்டை விற்று, வேறு தொழிலுக்குப் போய், அதிலும் நஷ்டப்பட்டிருப்பார். அதனால் கரையில் யாரும் ஆய்வகத்தை நம்பவில்லை. மீன் செத்தால் போதகரைக் கூப்பிட்டார்கள். அவராவது அன்றைக்கே வந்தார்.

பிறகு கண்டம் முழுவதும் மீன் நோய் ஆய்வகங்களைத் தேற்றப்போவதாக வெளியிலிருந்து ஒரு திட்டம் வந்தது. அக்பாட்டோவின் அதிர்ஷ்டம், அந்தப் பட்டியலில் அதுவும் இருந்தது. கிருமியைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். இயந்திரம் வந்தது, மின்சாரம் போனாலும் ஓடும் ஜெனரேட்டர் வந்தது, உறைபெட்டி வந்தது. தலைநகர் அக்ராவிலிருந்து டாக்டர் ஆயெலே பொறுப்பாளராக வந்தார். குள்ளமான, வேகமாக நடக்கிற பெண்மணி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். நேராகப் பேசுகிறவரைப் பார்த்தால் எங்கள் ஊரில் கொஞ்சம் பயப்படுவார்கள், செலோர்ம் நிறையவே பயந்தான்.

முதல் நாளே அவர் சொன்னார். "செலோர்ம், இந்த மிஷின் பொய் சொல்லாது. ஆனா நீங்க அதுக்கு எதைக் குடுக்கறீங்களோ அதைப் பத்தி மட்டும்தான் பேசும். செத்து நாறினது வேண்டாம், துள்ளிக் குதிக்கறதும் வேண்டாம். சாகப்போற மீன்தான் எனக்கு வேணும். கறுத்துப்போய், தலை கீழா சுத்திக்கிட்டு, கண்ணு பிதுங்கிப்போய் நிக்குமே, அது. அதோட மண்ணீரல்லயும் சிறுநீரகத்துலயும்தான் கிருமி இருக்கும். புரியுதா?"

"புரியுது மேடம்."

உண்மையிலேயே புரிந்தது. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. கை சுத்தம், பொறுமை, ஒரு குழாயையும் மாற்றி வைக்கமாட்டான். பயிற்சிக்கு வந்திருந்த மற்ற நாட்டுக்காரர்கள் நடுவில் டாக்டர் அவனைக் காட்டி, 'இவர் கையிலிருந்து வருகிற முடிவை நான் மறுபடி பார்ப்பதில்லை' என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவன் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் அது. கரைக்காரர்களும் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினார்கள். 'லேப்ல என்ன சொன்னாங்க?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது.

அத்தையும் இதற்குள் புகையை விட்டுவிட்டுக் கூண்டுக்கு மாறியிருந்தாள். ஏரியில் மிதக்கும் கூண்டுகளில் ஜிலேபிக் கெண்டை வளர்த்தாள். அவளுக்குக் கை ராசி என்று பேர். பெரிய மீனோடு நிற்காமல், சிறு கண்ணி வலைகளில் குஞ்சும் விட்டு வளர்த்தாள். டோர்மேயை ஒட்டிய ஏரி விரிகுடாவில் கூண்டு வைத்திருந்த பெண்களெல்லாம் அவளிடம்தான் குஞ்சு எடுப்பார்கள். அவளுடைய சின்னத் தங்கை யாவாவும் அப்போதுதான் புதுக்கூண்டுகளைக் கட்டி இறக்கிவிட்டுக் குஞ்சுக்காகக் காத்திருந்தாள். யாவா வாயாடி. அக்காவும் தங்கையும் ஒரு நாள் சண்டை போடாவிட்டால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஊரே விசாரிக்கும்.

அந்த வெயில் காலத்தில் அத்தையின் கூண்டில் காலையில் சில மீன்கள் மிதந்தன. மறுநாளும் மிதந்தன. சில கறுத்துப்போய் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. வெயிலாக இருக்கும் என்றார்கள், தீவனமாக இருக்கும் என்றார்கள். அத்தை குஞ்சு கொடுப்பதை நிறுத்திவைத்தாள்.

"எங்க வீட்டுலயே டாக்டர் இருக்கான். அவன் பார்த்துச் சொல்லட்டும். அவன் வாயால நல்லதுன்னு வந்தா அன்னிக்கே எடுத்துக்கோ" என்றாள் யாவாவிடம்.

"உன் டாக்டர் சொல்றதுக்குள்ள என் கூண்டுல பாசி பிடிச்சிடும். பாசியை வித்துத்தான் நான் பொழைக்கணும்" என்றாள் யாவா.

அத்தை போன் செய்தபோது செலோர்ம், "கொஞ்சம் மீன் எடுத்துட்டு வாங்க அத்தை, பார்த்துடலாம்" என்றான். எந்த மீன் என்று சொல்லவில்லை. கூண்டில் மீன் சாகும்போது சாகிற மீனைத்தானே கொண்டுவருவாள், அதையுமா சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டான்.

டாக்டர் ஆயெலே ஒரு கூட்டத்துக்காக அக்ரா போயிருந்த நாளில் அத்தை வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்தும் நீலப்பூப் போட்ட உடை, அதே துணியில் தலைக்கட்டு. பெரிய அலுமினியப் பேசினைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். செலோர்ம் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஊர்ச் சேதி கேட்டான். எல்லாரும் சுகம் என்று அவள் சொல்லி முடித்த பிறகுதான் பேசின்மேல் கிடந்த வெள்ளைத் துணியை விலக்கினாள்.

பனிக்கட்டியின்மேல் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. கொழுத்த மீன்கள். செதில் ஒன்று பெயரவில்லை. கண் தெளிவாக, செவுள் செக்கச்செவேலென்று, உப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கழுவிய வாசனையோடு. கல்யாணப் பேச்சுக்குக் கொண்டுபோகலாம்.

செலோர்முக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இதில் ஒன்றுகூட நோய்ப்பட்ட மீன் இல்லை.

"எப்படி?" என்றாள் அத்தை. முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தை."

"விடியக்காலைல நானே படகுல போய்ப் பார்த்துப் பார்த்து எடுத்தேன்."

அவனுக்கு மனத்தில் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்து எடுத்தாளாம். குஞ்சு வியாபாரம் நின்று கிடக்கிறது. ஆய்வகத்தின் வாயால் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போக அத்தை வழி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தான். தன்னை வளர்த்தவளைப் பற்றி அப்படி நினைக்க ஒருவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. 'இது உதவாது, போய்ச் சீக்கு மீனைக் கொண்டு வாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், உன் தந்திரம் எனக்குத் தெரிந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல் ஆகும். சிரித்த முகத்தோடு எதிரில் நிற்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? இரண்டு கையாலும் பேசினை வாங்கிக்கொண்டான்.

இயந்திரம் தன் வேலையைச் செய்தது. கொடுத்த மீன்களில் கிருமி இல்லை, இல்லை என்று காட்டியது.

"நீங்க கொண்டு வந்த மீன்ல ஒண்ணும் இல்லை, அத்தை" என்று போனில் சொன்னான். பொய் ஒன்றும் இல்லையே. அடுத்த வாக்கியத்தை யோசித்தும் வைத்திருந்தான். ஆனால் அத்தை போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் பெண்களின் ஆரவாரம் எழுந்தது. யாவாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "செலோர்ம், உனக்குப் பொண்ணு பார்க்கிற பொறுப்பு என்னோடது. மீன் மாதிரி வழுவழுன்னு ஒருத்தியைப் பிடிச்சுத் தரேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

டாக்டர் ஆயெலே திரும்பி வந்ததும் கேட்டார். "டோர்மேல மீன் சாகுதுன்னாங்களே, என்ன ஆச்சு?"

"பார்த்தாச்சு மேடம். ஒண்ணும் இல்ல."

"மீன் எப்படி இருந்துச்சு?"

தரையைப் பார்த்துக்கொண்டே, "பார்க்க ஆரோக்கியமாத்தான் இருந்துச்சு" என்றான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆரோக்கியமா இருக்கிற மீனை எதுக்குப் பார்த்தீங்க? ஒண்ணும் இல்லைன்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா? வாளியை எடுத்துட்டு இப்பவே கெளம்புங்க. செலோர்ம், இப்பவே."

அவன் போய்ச் சேர்ந்தபோது டோர்மே கரையில் திருவிழாபோல் இருந்தது. தண்ணீர் நிரப்பிய பேசின்களில் குஞ்சுகள் படகுகளில் ஏறிக்கொண்டிருந்தன. பெண்கள் பாட்டுப் பாடினார்கள். யாவா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கடைசிப் பேசினைப் படகில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையாட்டினாள்.

"வா டாக்டர். உன் பேரைச் சொல்லித்தான் எடுத்துட்டுப் போறோம்."

அத்தை அவன் கையைப் பார்த்தாள். "வாளி எதுக்குப்பா?"

"இன்னொரு தடவை பார்க்கலாம்னு, அத்தை."

"அதான் பார்த்தாச்சே?"

அந்த இடத்தில், அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. படகுகள் இன்னும் கரையில்தான் நின்றன. 'இறக்குங்க' என்று ஒரு வார்த்தை போதும். யாவா வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாள், பெண்கள் முறைத்திருப்பார்கள், அத்தை தலைகுனிந்து நின்றிருப்பாள். அவ்வளவுதான் நடந்திருக்கும். செலோர்ம் அத்தை தலைகுனிவதை மட்டும் நினைத்தான். அவளுடைய தந்திரத்தை ஊர் நடுவில் தானே உடைப்பதா என்று நினைத்தான்.

"சும்மாதான் அத்தை, ஒரு வழக்கத்துக்கு" என்றான்.

படகுகள் போயின. அவன் அத்தையின் கூண்டு ஓரத்தில் கறுத்துச் சுற்றிக்கொண்டிருந்த மீன்களைப் பிடித்து வாளியில் போட்டுக்கொண்டு வந்தான். இந்த முறை இயந்திரம் கிருமி இருக்கிறது என்றது, எல்லாவற்றிலும்.

டாக்டர் ஆயெலே அன்றே வண்டி எடுத்துக்கொண்டு போய்த் தடை போட்டார். அதற்குள் குஞ்சுகள் விரிகுடா முழுவதும் பரவியிருந்தன. அப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. தண்ணீர் வெள்ளையாகிவிட்டது. வயிறு மேலாக மிதந்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளிக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு போட்டார்கள். ஊரில் யாராலும் சாப்பிட முடியவில்லை. வாடை தினமும் தின்னும் சோளமாவு அக்ப்லே உருண்டையில்கூட இருந்தது. யாவாவின் புதுக்கூண்டுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அத்தைக்கு ஒரே ஒரு விஷயம் தெரியும். தன் மீன் சுத்தம் என்று செலோர்ம் சொன்னான். அப்படியானால் நோய் பிறகுதான் வந்திருக்க வேண்டும். புதுக்கூண்டுக்காக ஏரியின் மேற்பகுதி ஊர் ஒன்றிலிருந்து யாவா பழைய வலை வாங்கி வந்தது ஊருக்கே தெரியும். குஞ்சு எடுக்க அவள் படகு அத்தையின் கூண்டோடு ஒட்டி நின்றதும் தெரியும்.

"லேப்ல சோதிச்ச மீன் என்னோடது. என் பிள்ளை கையால சோதிச்சது. நீ எங்கேருந்தோ அழுக்கு வலையைக் கொண்டாந்து என் மடியிலயே வெச்சுட்டியே" என்றாள் அத்தை.

"உன் குஞ்சுதான் செத்துச்சு, என் வலை சாகல" என்றாள் யாவா.

தினமும் போட்ட சண்டை மாதிரி இதுவும் மாலைக்குள் ஆறிவிடும் என்றுதான் ஊர் நினைத்தது. ஆறவில்லை. யாவா கூண்டுச் சட்டங்களை விறகுக்குக் கொடுத்துவிட்டு எல்லை தாண்டி லோமேக்குப் போனாள். அங்கே யார் வீட்டிலோ சமையல் வேலை என்று கேள்வி. ஈஸ்டருக்கும் வரவில்லை. அத்தை அவள் பெயரை எடுப்பதை நிறுத்தினாள். யாராவது எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இதையெல்லாம் செலோர்ம் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று போவான். அத்தை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். அவனுக்குத் தன்மேல் கோபம் இருந்தது, உண்மை. ஆனால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக அத்தைமேல் இருந்தது. தெரிந்தே நல்ல மீனைக் கொண்டுவந்தவள், தங்கைமேல் பழி போட்டுவிட்டு எப்படித் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வான். அந்தக் கோபம்தான் அவனையும் தூங்கவைத்தது என்று தோன்றுகிறது.

ஆய்வகம் வளர்ந்தது. பக்கத்து நாட்டிலிருந்தெல்லாம் மாதிரிகள் வரத் தொடங்கின. அப்போது டாக்டர் ஆயெலே ஒரு முடிவு செய்தார். உள்ளே எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தாலும் வாசலில் வந்து சேரும் மீன் தவறாக இருந்தால் பயனில்லை, ஆகவே கரைக்காரர்களுக்கு மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். வகுப்பெடுக்கும் வேலை செலோர்முக்கு. முதல் வகுப்பு டோர்மே சர்ச் கொட்டகையில்.

அத்தையை அவன் கூப்பிடவில்லை. இப்போது அவளிடம் கூண்டும் இல்லை. ஆனால் அவன் நிமிர்ந்து பார்த்தபோது முதல் வரிசையில் நீலப்பூ உடையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் அவனைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் பேசத்தான் வேண்டியிருந்தது. படத்தை மாட்டினான். கறுத்த மீன், பிதுங்கிய கண், தலை கீழாய்ச் சுற்றும் மீன். இவற்றைத்தான் கொண்டுவர வேண்டும் என்றான். பிறகு, "நல்லா இருக்கிற மீனைக் கொண்டு வராதீங்க. அதுல நோய் இல்லைன்னுதான் வரும். அதை வெச்சு உங்க கூண்டு சுத்தம்னு நினைச்சுக்கக் கூடாது" என்றான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் சோற்றுக்கு வெளியே போனார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. அவன் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான், சுருட்டியதையே மறுபடி விரித்துச் சுருட்டினான்.

"செலோர்ம்" என்றாள்.

"அத்தை."

"அப்போ நான் கொண்டு வந்தது?"

அவன் சுருட்டிய படத்துக்குக் கயிறு கட்டினான்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாவா வலையில ஒண்ணும் இல்ல."

"இல்ல அத்தை. நோய் முதல்லயே உங்க கூண்டுல இருந்துச்சு."

கொட்டகைக்கு வெளியே தட்டுகளின் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. அத்தை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படகுல ஏத்தறப்ப வாளியோட நின்னியே. ஏம்பா சொல்லல?"

இத்தனை நாள் உள்ளே வைத்திருந்ததை அவன் அப்போதுதான் சொன்னான். "நீங்க வேணும்னே நல்ல மீனா எடுத்துட்டு வந்தீங்கன்னு நினைச்சேன். குஞ்சு விக்கணும்னு. எல்லார் முன்னாடியும் உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரல."

அத்தை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் புகை அடுப்பை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

"வேணும்னேதான் எடுத்தேன்" என்றாள். "முன்னப் பின்ன தெரியாதவன் அங்க உட்கார்ந்திருந்தா, சாகக் கெடந்ததை அள்ளிப் போட்டு யார்கிட்டயாவது குடுத்து அனுப்பியிருப்பேன். நீ இருக்கிற இடமாச்சே, உன் கையில குடுக்கறதாச்சேன்னுதான் நல்லதா பார்த்து எடுத்தேன்."